படிக்கப் படிக்க இறங்கிய புள்ளி

2025 பொங்கலுக்கு அடுத்த நாள் கைப்பேசிச் செயலியில் என் சதுரங்கத் தரப்புள்ளி 1586 என்று காட்டியது. இனிமேல் முறையாகப் படித்து ஆடுவது என்று அன்றுதான் முடிவு செய்து, ஒரு நீளக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு அந்த எண்ணை எழுதிவைத்தேன். ஆகஸ்ட் கடைசியில் அதே நோட்டில் எழுதிய எண் 1421. இடைப்பட்ட ஏழரை மாதத்தில், நாள் தவறாமல் என்று சொல்ல முடியாவிட்டாலும், வாரத்துக்கு ஐந்து இரவாவது சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எதையுமே படிக்காமல் ஆடிக்கொண்டிருந்தபோது புள்ளி இப்படி இறங்கியதே இல்லை.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு என்பதால், எண் இறங்கியதைவிட, இறங்கியதன் பொருளை விளங்கிக்கொள்வதுதான் என்னைப் படுத்தியது. ஆட்டத்தின் வலுவை அளக்கும் இந்தத் தரப்புள்ளி, ஆர்பாட் எலோ என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் வகுத்த முறையில் வருவது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் அதை ஏற்றுக்கொண்டது. இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் நூறு ஆட்டத்தில், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்ற கணக்கில், ஏறக்குறைய 76 புள்ளி எடுப்பார் என்பது அந்தக் கணக்கின் எதிர்பார்ப்பு. செயலிகளின் சூத்திரம் சற்று வேறுபட்டாலும் அளவுகோல் கிட்டத்தட்ட அதுவேதான். அந்தக் கணக்கில் 165 புள்ளி வித்தியாசத்தைப் போட்டுப் பார்த்தேன். ஜனவரி மாதத்து நானும் ஆகஸ்ட் மாதத்து நானும் நூறு ஆட்டம் ஆடினால், எதையும் படிக்காத ஜனவரிக்காரன் எழுபதுக்கு மேல் எடுத்துவிடுவான். ஒரு வாரம் கெட்டுப்போனதால் வந்த சறுக்கல் என்று இதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஒரு ஆட்டத்துக்கு எனக்கு ஆறு, ஏழு புள்ளி ஏறும் அல்லது இறங்கும். அப்படியானால் வெற்றிகளைக் கழித்த பிறகும் இருபத்தைந்து தோல்வி மிச்சம் நிற்கிறது.

நான் சதுரங்கம் கற்றது வட சென்னையின் காலடிப்பேட்டையில், ஒரு தேநீர்க் கடை வாசலில் கிடக்கும் சிமெண்ட் பலகையில். இந்தப் பக்கத்துத் தெருக்களில் பலகை என்றால் முதலில் கேரம் பலகைதான். பவுடர் வாசனையும் ஸ்ட்ரைக்கர் சத்தமும் இல்லாத மாலை அரிது. அந்தச் சத்தத்துக்கு நடுவே சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேரில் ஒருவர், தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை நைனா என்றே கூப்பிடுவார்கள். சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான், செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தரம் குதிரையைப் போலத் தாவலாம் என்ற பழைய நாட்டு விதிகளில் ஆடப் பழகியவர் அவர். உலக விதிக்கு மாறியது நடுவயதில். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தவை மொத்தமும் அரைப் பக்கத்தில் அடங்கும். அதில் பாதி ஒரே கேள்வி. எதிராளி ஒரு காயை வைத்தவுடன் என் கை பலகையை நோக்கிப் போனால், புறங்கையில் ஒரு தட்டுத் தட்டி, "இன்னாத்துக்கு வெச்சான்னு பாரு மொதல்ல" என்பார்.

அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. பயிற்சி வகுப்புக்குப் போகும் பக்கத்துத் தெருப் பையன்கள் பன்னிரண்டு வயதிலேயே அவரை முப்பது நகர்வுக்குள் முடித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கும் படிக்கும் ஆசை வந்தது. அத்துடன் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனபோது, இந்த ஊரில் சதுரங்கம் தெரிந்தவன் ஒவ்வொருவனும் தனக்கே ஏதோ கிடைத்துவிட்டதாக ஒரு மாதம் திரிந்தான். நானும் திரிந்தேன்.

படிப்புத் திட்டம் நன்றாகத்தான் இருந்தது. திங்கள், செவ்வாய் தொடக்க ஆட்டம்; புதன் நடு ஆட்டக் கொள்கைகள்; வியாழன் இறுதி ஆட்டம்; வெள்ளி புதிர்கள். பயிற்சியை ஆடிப் பார்ப்பதற்கு மெட்ரோ ரயில். விம்கோ நகரில் ஏறி மண்ணடியில் இறங்குவதற்குள் ஆளுக்குப் பத்து நிமிடம் வைத்த ஒரு ஆட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். 2021இல் இந்தத் தடம் திறந்ததிலிருந்து அந்தப் பயணம்தான் என் ஆட்டக் களம்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை நடந்த ஆட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றில் பெரும்பாலானவை இதன் மாற்றுருவங்கள். வெள்ளை, ராஜாவின் முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது, நானும் அப்படியே. பிறகு ஆளுக்கொரு குதிரை வெளியே வந்தது. வெள்ளை மந்திரி சி4 கட்டத்துக்கு (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்) வந்து, என் ராஜாவின் பக்கத்தில் இருக்கும் எஃப்7 சிப்பாயைக் குறிவைத்தது. நான் இரண்டாம் குதிரையையும் எடுத்தேன். வெள்ளைக் குதிரை தாவி ஜி5இல் உட்கார்ந்தது. இப்போது எஃப்7இன்மேல் மந்திரி, குதிரை இரண்டுக்கும் கண்; அதைக் காப்பது என் ராஜா ஒருவன் மட்டும். ராணியின் முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி மந்திரியின் பாதையை அடைத்தேன். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டி டி5இல் வந்து நின்றது. இதுவரை கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடியது.

இந்த இடத்தில் பத்து ஆண்டுகளாக நான் செய்துவந்தது, ராணிப் பக்கத்துக் குதிரையைப் பலகையின் ஓரமான ஏ5க்கு எடுத்து மந்திரியைத் தாக்குவது. நைனா சொல்லிக்கொடுத்தது: "வெட்டாத, மந்திரியத் தொரத்து." அதன் காரணம் எனக்குத் தெரியாது. ஒரு சிப்பாய் போகும், ஆனால் வெள்ளைக் காய்கள் பின்வாங்கப் பின்வாங்க என் காய்கள் வெளியே வந்துவிடும் என்பது மட்டும் பழக்கத்தில் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய புதன்கிழமைதான் நான் நோட்டில், ஓரத்தில் நிற்கும் குதிரை நான்கு கட்டத்தைத்தான் தொடும், நடுவில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டத்தைத் தொடும், ஆகவே குதிரையை ஓரத்துக்கு அனுப்பாதே, நடுவுக்குக் கொண்டுவா என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தேன். விரல் ஏ5 பக்கம் போனது, நோட்டு நினைவுக்கு வந்தது, விரல் நின்றது. இன்னொரு குதிரையால் டி5 சிப்பாயை வெட்டினேன். நடுவில் குதிரை, எட்டுக் கட்டம், போன சிப்பாயும் திரும்பிவந்தது. கொள்கைப்படி எல்லாம் சரி.

வெள்ளைக் குதிரை எஃப்7இல் தன்னையே பலி கொடுத்தது. என் ராஜா அதை வெட்டினான். வெள்ளை ராணி எஃப்3க்கு வந்து செக் சொன்னது. அதே நகர்வில், நான் பெருமையோடு நடுவில் வைத்த குதிரையின்மேலும் அதன் பார்வை விழுந்தது. குதிரையைக் காப்பாற்ற வேண்டுமானால் ராஜா இ6க்கு, பலகையின் நட்டநடுவுக்கு, நடந்து வர வேண்டும். வந்தான். வண்டி தண்டையார்பேட்டைக்குப் பூமிக்குள் இறங்கும்போது எனக்கு மேட் ஆகிவிட்டது. இந்தத் தாக்குதல் ஏறக்குறைய நானூறு ஆண்டுப் பழசு; இதன் பெயர் ஃப்ரைட் லிவர், அதாவது வறுத்த ஈரல். ராத்திரி ஆனால் தெருவுக்குத் தெரு ஈரல் வறுபடும் பகுதியில் இருந்துகொண்டு இதை நான் இவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

புதன்கிழமைப் பாடத்தில் தவறில்லை. ஓரத்துக் குதிரை பொதுவாக வலு குறைந்ததுதான். ஆனால் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது ஒரு குறிப்பிட்ட நிலையில் செய்ய வேண்டிய குறிப்பிட்ட காரியம். படித்தது பல நிலைகளுக்கும் பொருந்தும் பொதுவிதி. பொதுவிதிக்குக் காரணம் இருந்தது, அச்சில் இருந்தது, நானே கோடு போட்டிருந்தேன். பழக்கத்துக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. காரணம் சொல்லத் தெரியாததைச் சந்தேகப்படுவது படித்தவன் குணம் என்று நானாகவே எண்ணிக்கொண்டு, வேலை செய்துகொண்டிருந்த ஒன்றைக் கழற்றி வைத்தேன்.

வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சதுரங்க உலகில் மிகவும் பெயர் பெற்றது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து வினாடி காட்டிவிட்டு, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். இருபத்தைந்துக்குச் சற்றுக் குறைவான காய்களில், தேர்ந்த ஆட்டக்காரர் சுமார் 16 காயைச் சரியாக வைத்தார். தொடக்க நிலையில் இருந்தவர் நான்கைத்தான் வைத்தார். அதே காய்களை ஒழுங்கின்றி இறைத்துக் காட்டியபோது அந்தப் பெரிய இடைவெளி மறைந்துபோனது. தேர்ந்தவர் பார்ப்பது தனித்தனிக் காய்களை அல்ல, பழகிய கூட்டங்களை என்பது அவர்கள் கண்ட முடிவு. தெரிந்த முகத்தைப் பார்க்கும்போது மூக்கு, கண், நெற்றி என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை அல்லவா? என் பத்தாண்டுப் பழக்கமும், சிறிய அளவில்தான் என்றாலும், அப்படிப்பட்ட முகங்களின் சேமிப்புத்தான். படிப்பு எனக்கு மூக்கின் இலக்கணத்தைக் கற்றுக்கொடுத்தது. அதைச் சரிபார்க்கத் தொடங்கியவுடன் தெரிந்த முகமும் பிடிபடாமல் போயிற்று.

ஆனால் இதை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டால் நான் என்னை ஏமாற்றிக்கொள்பவன் ஆவேன். செப்டம்பரில் கடைசியாகத் தோற்ற அறுபது ஆட்டங்களை நோட்டில் வரிசையாக எழுதி, எதனால் தோற்றேன் என்று எதிரே குறித்தேன். தொடக்கத்திலேயே கெட்டவை 9. இறுதி ஆட்டத்தில் கோட்டை விட்டவை 6. நிதானமாக நெருக்கப்பட்டுத் தோற்றவை 4. மிச்சம் இருந்த 41இலும் நான் ஒரு காயைச் சும்மா கொடுத்திருந்தேன். ஆழமான உத்தி எதுவும் இல்லை. எதிராளியின் குதிரை என் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த 41இல் 27 ஆட்டங்களில் தவறு நடந்தபோது என் கடிகாரத்தில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. ஜனவரிக்கு முந்தைய ஆட்டங்கள் செயலியில் அப்படியே இருந்ததால் அவற்றையும் எடுத்துப் பார்த்தேன். பத்தாவது நகர்வில் எனக்குப் பெரும்பாலும் ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்திருக்கிறது. படித்த பிறகு, அதே பத்தாவது நகர்வில், ஆறு நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் நான் செய்துகொண்டிருந்தது நோட்டைப் புரட்டுவதுதான், மனத்துக்குள்.

இதைப் பார்த்தவுடன் எனக்கு 2017 ஜூலை நினைவுக்கு வந்தது. அந்த மாதம் முதல் தேதி ஜிஎஸ்டி வந்தது. ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் ஐஜிஎஸ்டி என்ற வரியின் விவரம் பிசகினால் வாடிக்கையாளருக்கு வர வேண்டிய பணம் நின்றுவிடும் என்ற பயத்தில் அலுவலகமே அந்தக் கட்டங்களை நாலு தடவை சரிபார்த்தது. அந்த வாரங்களில் நான் செய்த தவறுகள் அந்தக் கட்டங்களில் இல்லை. பதினைந்து ஆண்டுகளாகத் தூக்கத்தில்கூடச் சரியாக எழுதிவந்த கண்டெய்னர் எண்ணில், நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அந்தச் சாதாரண எண்ணில், இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. புதிதாகக் கற்ற இடத்தில் விழித்திருந்த கண், பழைய இடத்திலிருந்து எடுத்துவந்த கண். எனக்கு இருப்பது ஒரு ஜோடிதான்.

நகரமே கொண்டாடிய அந்தச் சிங்கப்பூர்ப் போட்டியும் முடிந்தது இப்படித்தான் என்பதை நான் முன்பு சரியாகக் கவனித்திருக்கவில்லை. பதினான்காவது, கடைசி ஆட்டம். யானையும் மந்திரியும் சிப்பாய்களும் மிச்சமிருக்க, குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் டிராவை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்வில், அதுவரை உலகச் சாம்பியனாக இருந்த எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2இல் வைத்தார். யானைகள் வெட்டிக்கொள்ளும், உடனே மந்திரிகளும் வெட்டிக்கொள்ளும், பிறகு மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் அவருக்குத் தோல்வி. இதைப் பார்ப்பதற்கு உலகச் சாம்பியனின் அறிவு தேவையில்லை. அந்த நிமிடத்தில், அத்தனை நாள் களைப்புக்குப் பிறகு, தேவைப்பட்டது பார்வை மட்டும். இதைச் சொல்லி என் 41 தோல்விகளுக்கு மரியாதை தேடவில்லை. அவர் ஒரு முறை செய்ததை நான் வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்துவந்தேன்.

ஏப்ரலில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். ஃப்ரைட் லிவருக்குப் பயந்து, ராஜாவின் முன் சிப்பாயால் பதில் சொல்லும் பழைய வழியையே விட்டுவிட்டு, சிசிலியன் என்ற வேறொரு தொடக்க ஆட்டத்தை ஆடத் தொடங்கினேன். கூரான ஆட்டம், பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுவது. அதில் எந்தச் சிப்பாய் எங்கே நிற்கும், எந்தக் கோட்டில் யானை போகும் என்ற எதுவும் எனக்குப் பழக்கமில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு, புது வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுவது போலத்தான் மூன்று மாதம் போயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அக்டோபரிலிருந்து சிலவற்றை மாற்றினேன். சிசிலியனை மூட்டை கட்டினேன். ஏ5க்குப் போகும் குதிரை திரும்பிவந்தது. இம்முறை ஏன் போகிறது என்றும் தெரிந்து போகிறது. ரயிலில் ஆடுவதை நிறுத்தி, வீட்டில், ஆளுக்குப் பதினைந்து நிமிடமும் ஒவ்வொரு நகர்வுக்கும் பத்து வினாடி கூடுதலும் கொண்ட ஆட்டமாக, நாளுக்கு ஒன்று மட்டும் ஆடுகிறேன். வாரத்துக்கு ஒரு பொருளைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை. ஆடும்போது நோட்டு நினைவுக்கு வந்தால், புறங்கையில் நானே ஒரு தட்டுத் தட்டிக்கொள்கிறேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நவம்பர் கடைசியில் புள்ளி 1512. ஜனவரிக்காரன் இன்னும் எனக்கு மேலேதான் இருக்கிறான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெகு நாட்களுக்குப் பிறகு, காலடிப்பேட்டைப் பலகைக்குப் போனேன். நைனா இருந்தார். "இன்னா தம்பி, படிச்சிக்கினே தோத்துனு இருக்கியாமே" என்றார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஆடினோம். கடிகாரம் கிடையாது, இரண்டு தேநீர் ஆனது. வழக்கம்போல நடு ஆட்டத்தில் ஒரு சிப்பாயை இழந்தேன். காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, கடைசியில் ஆளுக்கொரு யானை, அவருக்கு மட்டும் ஒரு சிப்பாய் என்று வந்து நின்றது. அந்தச் சிப்பாய் ஏழாவது வரிசையில். அவருடைய ராஜா அதற்கு முன்னால் எட்டாவது வரிசையில் ஏறி நிற்கிறான். என் ராஜா நெருங்க முடியாதபடி அவருடைய யானை குறுக்கே ஒரு கோட்டை அடைத்திருக்கிறது.

இந்த நிலையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. பிப்ரவரியில் நான்கு வியாழக்கிழமை செலவழித்துப் படித்த நிலை இது. லூசேனா நிலை என்பார்கள். ஆனால் 1497இல் லூசேனா என்பவர் அச்சிட்ட நூலில் இது இல்லவே இல்லை. சால்வியோ என்ற இத்தாலியர் 1634இல் வெளியிட்டது. காலெட் என்ற ஆங்கிலேய ஆளுநரின் பெயரால் அமைந்த பேட்டை காலடிப்பேட்டை ஆனதைப் போலப் பெயர் எங்கோ தடம் மாறி நிலைத்துவிட்டது. இதில் வெல்லும் வழி ஒன்றே ஒன்றுதான் மனத்தில் நிற்கும்: யானையைத் தன் பக்கமிருந்து நான்காவது வரிசைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு ராஜாவை வெளியே நடத்தி, எதிராளி செக் சொல்லும்போது அந்த யானையையே குறுக்கே மறிக்க வைப்பது. பாலம் கட்டுதல் என்று பெயர். இத்தனை மாதமாக அதை ஆட எனக்கு ஒரு வாய்ப்பும் வரவில்லை; இருபத்தைந்தாவது நகர்வுக்குள் தோற்பவனுக்கு இறுதி ஆட்டம் ஏது?

நைனா யானையைத் தொடவில்லை. ராஜாவை வெளியே எடுத்தார்; நான் செக் சொன்னேன். ஒரு கட்டம் தள்ளிப் போனார், செக். சிப்பாயை விட்டு விலகினால் அது போய்விடும் என்பதால் திரும்பி உள்ளே வந்தார். மறுபடியும் வெளியே, மறுபடியும் செக். எதிரே கண்டெய்னர் லாரிகள் நகராமல் வரிசை கட்டி நின்றிருந்தன. அவர் என் யானையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாத்துக்கு வைத்தான் என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானோ அவருடைய யானையைப் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது சுற்றில் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "செரி, டிராவே வெச்சிக்க" என்று கை நீட்டினார்.

கை கொடுத்தேன். வழியைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறேன். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் ஆடுகிறோம், இன்னும் சொல்லவில்லை.